ஆஸ்திரியா பெயர் சொல்லிக் கேட்ட மேஜர்: வோயிஸ்லாவ் டாங்கோசிச்

கேள்வி இதுதான்: 1914 ஜூலையில் ஆஸ்திரியா-ஹங்கேரி செர்பியாவுக்கு விடுத்த இறுதி எச்சரிக்கையின் 7ஆவது கோரிக்கை, மேஜர் வோயிஸ்லாவ் டாங்கோசிச் என்பவரை உடனே கைது செய்யச் சொல்கிறது. அவர் செர்பிய ராணுவத்தின் முறையான அதிகாரியா, கெரில்லாக் குழுத் தலைவரா? அந்த எச்சரிக்கைக்குக் காரணமான, ஆஸ்திரியப் பட்டத்து இளவரசர் சுடப்பட்ட சரயேவோ கொலைக்கு மூளையாக இருந்தவர் அவர்தானா?

முதல் கேள்விக்கு விடை, இரண்டும் அவரே என்பது. ராணுவப் பட்டியலில் காலாட்படை அதிகாரியாகப் பதவி உயர்வு பெற்றுக்கொண்டே, எல்லைக்கு அப்பால் ஆயுதக் குழுத் தலைவராக, செர்பிய வழக்கில் சொன்னால் ‘வோய்வோடா’வாக, அவர் திரிந்தார். அந்தக் காலத்துச் செர்பியாவில் இது முரண்பாடாகவே கருதப்படவில்லை. இரண்டாவது கேள்விக்கு விடை, மூளை அவரல்லர். கொலையாளிகளின் கைக்கு ஆயுதம் போய்ச் சேர்ந்த வழியில் அவர் ஒரு முக்கியக் கண்ணி. இந்த இரண்டு விடைகளும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதே என் கருத்து. அரசு வெளிப்படையாகச் செய்ய முடியாத வேலைகளுக்கு அதிகாரிகளைப் பயன்படுத்திக்கொண்டு, அந்த வேலைகளுக்குப் பொறுப்பேற்காமல் பத்தாண்டுகளுக்கு மேல் காலம் தள்ளிய ஒரு நாட்டில்தான் டாங்கோசிச் போன்ற ஒருவர் உருவாக முடியும். அவருடைய வாழ்க்கையை வரிசையாகப் பார்த்தால் இது விளங்கும். கீழே வரும் தேதிகள் எல்லாம் இன்று வழக்கிலுள்ள நாள்காட்டிப்படி. அன்றைய செர்பியா பின்பற்றிய பழைய நாள்காட்டி 13 நாள் பின்தங்கியது என்பதால், சில நூல்களில் தேதிகள் மாறித் தெரியும்.

அவர் 1880இல், மேற்குச் செர்பியாவில் ஊப் என்ற சிறு நகருக்கு அருகிலுள்ள ருக்லாடா கிராமத்தில் பிறந்தார். பெல்கிரேடில் ராணுவக் கல்விக்கழகத்தில் படித்து, காலாட்படையில் இளநிலை அதிகாரியாகச் சேர்ந்தார். இளமையைப் பற்றிச் சொல்ல வேறு பெரிதாக ஒன்றுமில்லை. வரலாற்றில் அவர் பெயர் முதன்முதலாக அடிபடுவது 1903இல், ஒரு கொலையில்.

அந்த ஆண்டு செர்பியாவின் மன்னர் அலெக்சாண்டர் ஒப்ரனோவிச். அவர் 1900இல் தம்மைவிட வயதில் மிகவும் மூத்த, கணவனை இழந்த டிராகா மாஷின் என்ற பெண்ணை எல்லோருடைய எதிர்ப்பையும் மீறி மணந்தார். குழந்தை பிறக்கவில்லை, கருவுற்றதாக அறிவிக்கப்பட்டது பொய்யாகிப்போனது. அரசியின் சகோதரர்கள் நிக்கோலா, நிக்கோடியே இருவரும் ராணுவ அதிகாரிகள். அவர்களுள் ஒருவரையே பட்டத்து வாரிசாக அறிவிக்கப்போகிறார்கள் என்ற பேச்சு படை முகாம்களில் பரவியது. ஏற்கெனவே மன்னர் மீது வெறுப்பில் இருந்த இளம் அதிகாரிகளுக்கு இது எரிகிற கொள்ளியில் எண்ணெய். 1903 ஜூன் 11 அதிகாலையில் அவர்கள் அரண்மனைக்குள் புகுந்து, இருட்டில் நெடுநேரம் தேடி, ஒளிந்திருந்த மன்னரையும் அரசியையும் கண்டுபிடித்துச் சுட்டு, வெட்டி, உடல்களைத் தோட்டத்தில் வீசினார்கள். பிரதமரும் போர்த்துறை அமைச்சரும் அன்றிரவே கொல்லப்பட்டார்கள். சதியின் முக்கிய அமைப்பாளரான டிராகுதின் டிமித்ரியேவிச், ‘அபிஸ்’ என்ற பட்டப்பெயரால் அறியப்பட்டவர், வாசலில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் படுகாயமுற்றார்.

டாங்கோசிச் அரண்மனைக்குள் போனவர்களில் ஒருவரல்லர். அரசியின் சகோதரர்களைத் தனியே பிடித்து வந்து சுட்டுக் கொன்ற படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கியவர் அவர். அப்போது அவர் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ஒரு கீழ்நிலை அதிகாரி. விசாரணை இல்லை, தீர்ப்பு இல்லை. கைது செய்யப்பட்டிருந்த இரண்டு சக அதிகாரிகளைச் சுடும்படி படைவீரர்களுக்கு ஆணையிடும் வேலை மட்டும். அவருடைய பிற்காலச் செயல்களைப் பேசும் எழுத்தாளர்கள் இந்த இரவை ஒரே வரியில் கடந்துபோவது எனக்குச் சரியாகப் படவில்லை. சதியில் ஈடுபட்டவர்கள் தண்டிக்கப்படவில்லை. புதிதாக அரியணை ஏறிய பீட்டர் காராஜோர்ஜெவிச் மன்னரின் ஆட்சியில் அவர்கள் மரியாதையோடு பதவி உயர்ந்தார்கள். பிரிட்டன் தூதரை விலக்கிக்கொண்டு, மூத்த சதிகாரர்கள் ஓய்வுக்கு அனுப்பப்பட்ட 1906 வரை உறவைப் புதுப்பிக்கவில்லை. ஆனால் டாங்கோசிச் போன்ற இளையவர்கள் அந்த ஓய்வுப் பட்டியலில் வரவில்லை. நாட்டின் நன்மைக்கு என்று தாங்களே முடிவு செய்துகொண்டால் சட்டத்தை மீறலாம், அதற்குப் பலனும் கிடைக்கும் என்பதைச் செர்பிய அரசே அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது.

அடுத்த கட்டம் மாசிடோனியா. அன்று அது ஆட்டோமன் பேரரசின் கொசோவோ, மொனாஸ்டிர், சலோனிகா ஆகிய மூன்று மாகாணங்களில் பரவிக் கிடந்த நிலம். பேரரசு தளர்ந்துகொண்டிருந்தது, அது விட்டுப்போகும் நிலத்தைப் பிடிக்க பல்கேரியா, கிரீஸ், செர்பியா மூன்றும் முந்தின. போட்டி முதலில் தேவாலயத்திலும் பள்ளிக்கூடத்திலும் தொடங்கியது. 1870இல் பல்கேரியாவுக்கென்று தனித் திருச்சபைத் தலைமையை சுல்தான் அனுமதித்த பிறகு, ஒரு கிராமம் எந்தத் தலைமையின் பாதிரியாரை ஏற்கிறது என்பதே அந்தக் கிராமத்தின் இனத்தைத் தீர்மானிக்கும் அளவுகோலாயிற்று. பல்கேரிய ஆதரவுப் புரட்சிக் குழுக்கள் ஆயுதத்தோடு நடமாடி, செர்பியத் தரப்புப் பாதிரியார்களையும் ஆசிரியர்களையும் கொல்லத் தொடங்கிய பின், 1903இல் பெல்கிரேடில் மருத்துவர் மிலோராட் கோஜெவாட்ஸ், வணிகர் லூக்கா செலோவிச் போன்ற தனியார் கூடி ஒரு குழு அமைத்தார்கள். 1904இல் முதல் ஆயுதக் கூட்டங்கள் எல்லை தாண்டின. முதலில் கண்டும் காணாமலும் இருந்த அரசு, விரைவிலேயே நடத்துகிற பொறுப்பையே தன் கையில் எடுத்துக்கொண்டது.

‘சேத்தா’ என்றால் ஆயுதக் கூட்டம். அதில் இருப்பவன் சேட்னிக். 1904 முதல் 1908 வரை இப்படிப்பட்ட கூட்டங்களுக்குத் தலைமை தாங்கிய அதிகாரிகளில் டாங்கோசிச் ஒருவர். வேலை நடந்த விதத்தைச் சற்று அருகில் பார்க்க வேண்டும். அன்று செர்பியாவின் தென் எல்லையில் இருந்த வ்ரான்யே நகரின் பக்கத்திலிருந்து, சீருடை இல்லாமல், சிறு கூட்டமாக, இரவில் எல்லை கடப்பார்கள். பகலில் காட்டிலோ, நம்பிக்கையான ஒரு வீட்டின் பரணிலோ பதுங்கல். உணவும் செய்தியும் தரும் கிராமத்தவன் இல்லாமல் ஒரு கூட்டம் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்காது. ஆகவே கிராமத்தைத் தன் பக்கம் வைத்துக்கொள்வதுதான் தலைவனின் முதல் வேலை. அதற்கு அன்பும் பயன்பட்டது, அச்சமும் பயன்பட்டது. நேற்று பல்கேரியக் குழுவுக்குச் சோறு போட்டவனை இன்று செர்பியக் குழு தண்டிக்கும். நாளை மறுநாள் துருக்கியப் படை வந்து இருவருக்கும் இடம் கொடுத்த குற்றத்துக்காக ஊரையே கொளுத்தும். சேட்னிக் பாடல்களில் துருக்கியரோடு போரிட்ட வீரம்தான் அதிகம் வரும்; நடந்த மோதல்களில் பெரும் பகுதி ஒரே மதத்தைச் சேர்ந்த அண்டை இனத்தவரோடுதான்.

இந்தக் கட்டத்தில் டாங்கோசிச்சின் நிலையைக் கவனிக்க வேண்டும். ஆட்டோமன் பேரரசோடு செர்பியா போரில் இல்லை. முறையான தூதரக உறவு இருந்தது. அந்தத் தூதரகங்களில் சில, குறிப்பாக ஸ்கோப்யேயிலும் மொனாஸ்டிரிலும் இருந்தவை, கூட்டங்களுக்குச் செய்தியும் பணமும் கொண்டுசேர்க்கும் வாயில்களாக இயங்கின. பிடிபட்டால் அந்த அதிகாரியைத் தங்களுக்குத் தெரியாது என்று பெல்கிரேடு சொல்லிவிடலாம். பிடிபடாமல் திரும்பி வந்தால் அவர் மறுபடி சீருடை அணிந்து படைப்பிரிவில் சேர்ந்துகொள்ளலாம். நாலைந்து ஆண்டுகள் இப்படி வாழ்ந்த ஒருவருக்கு, எழுத்து மூலமான ஆணை என்பது எவ்வளவு அற்பமாகத் தோன்றியிருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

1908 ஜூலையில் ஆட்டோமன் பேரரசில் இளம் துருக்கியர் புரட்சி வெடித்து அரசமைப்புச் சட்டம் திரும்ப வந்ததும், மலையிலிருந்த எல்லாக் கூட்டங்களும் இறங்கி வந்து ஆயுதத்தை ஒப்படைத்தன. ஆனால் ஓய்வு நீடிக்கவில்லை. அதே ஆண்டு அக்டோபர் 6ஆம் தேதி, 1878 முதல் தான் நிர்வகித்து வந்த போஸ்னியா-ஹெர்செகோவினாவை ஆஸ்திரியா-ஹங்கேரி தன்னோடு இணைத்துக்கொள்வதாக அறிவித்தது. இரண்டு நாளில் பெல்கிரேடில் ‘நரோத்னா ஒத்பிரானா’, அதாவது தேசியப் பாதுகாப்பு என்ற சங்கம் பிறந்தது; தன்னார்வலர்களைத் திரட்டிக் கெரில்லாப் போருக்குப் பழக்குவது அதன் தொடக்க கால வேலைகளில் ஒன்று. மாசிடோனிய அனுபவம் கொண்ட டாங்கோசிச் போன்றோருக்கு இது கைவந்த கலை. குண்டு வீசுதல், பாலம் தகர்த்தல், இரவு நடை இவற்றையெல்லாம் மாணவர்களுக்கும் ஓடிவந்த போஸ்னிய இளைஞர்களுக்கும் கற்பிக்கும் பயிற்சியாளராக அவர் மாறினார். முன்பு எல்லைக்கு அப்பால் இருந்த எதிரி தளர்ந்த ஆட்டோமன் பேரரசு. இப்போது முன்னால் நின்றது ஐரோப்பாவின் பெரும் வல்லரசுகளில் ஒன்று. இந்த வேறுபாட்டை அந்த அதிகாரிகள் உணர்ந்ததற்கான அடையாளம் எதுவும் அவர்கள் செயலில் இல்லை.

ரஷ்யா கைகொடுக்காததால் செர்பியா பணிந்தது. 1909 மார்ச் 31ஆம் தேதி, இணைப்பை ஏற்பதாகவும், படையைப் பழைய அளவுக்குக் குறைப்பதாகவும், தன்னார்வலர் கூட்டங்களைக் கலைப்பதாகவும், ஆஸ்திரியாவோடு நல்ல அண்டை நாடாக இருக்கப்போவதாகவும் எழுதிக் கொடுத்தது. இந்த வாக்குறுதி முக்கியமானது. 1914இன் இறுதி எச்சரிக்கை தொடங்குவதே இந்த வாசகத்தை மேற்கோள் காட்டித்தான். அதாவது, கலைப்பதாகச் சொன்ன கூட்டங்களை நீங்கள் கலைக்கவில்லை என்பதே வியன்னாவின் அடிப்படைக் குற்றச்சாட்டு. டாங்கோசிச்சைப் பொறுத்தவரை அந்தக் குற்றச்சாட்டில் உண்மை இருந்தது.

பணிந்துபோன அரசின் மீது அதிகாரிகளுக்குக் கோபம். 1911 மே மாதம், அபிஸும் டாங்கோசிச்சும் உள்ளிட்ட பத்துப் பேர் கையெழுத்திட்ட விதிமுறையோடு ‘ஒன்றிணைவு அல்லது மரணம்’ என்ற ரகசிய அமைப்பு உருவாயிற்று; எதிரிகள் வைத்த ‘கருங்கை’ என்ற பெயரே பின்னர் நிலைத்தது. எல்லாச் செர்பியர்களையும் ஒரே அரசின் கீழ் கொண்டுவருவது நோக்கம். அதற்குப் பிரசாரத்தைவிடப் புரட்சிச் செயலே மேல் என்று விதிமுறை வெளிப்படையாகச் சொன்னது. புதிய உறுப்பினர் இருட்டறையில், கருந்துணி விரித்த மேசையில் சிலுவையும் குத்துவாளும் கைத்துப்பாக்கியும் வைத்திருக்க, முகம் மறைத்த ஒருவர் முன் உறுதிமொழி எடுக்க வேண்டும். முத்திரையில் கொடி பிடித்த ஒரு கை, கொடியில் மண்டையோடு, பக்கத்தில் கத்தி, வெடிகுண்டு, நஞ்சுக் குப்பி. நாடகத்தனமானது என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் மூன்றே ஆண்டில் சரயேவோ இளைஞர்களிடம் கொடுத்தனுப்பப்பட்ட பொருள்களில் வெடிகுண்டும் நஞ்சும் இருந்தன.

1912இல் பால்கன் நாடுகள் ஒன்றுசேர்ந்து ஆட்டோமன் பேரரசைத் தாக்கத் தயாரானபோது, டாங்கோசிச் தெற்கே புரோக்குப்லியே நகரில் தன்னார்வலர்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார். வந்தவர்களில் ஒருவன் போஸ்னியாவிலிருந்து வந்த பதினெட்டு வயது மாணவன். குட்டையாக, மெலிந்து இருந்தான். இவன் மிகவும் சிறியவன், வலுவில்லாதவன் என்று சொல்லி டாங்கோசிச் அவனைத் திருப்பி அனுப்பினார். அவன் பெயர் கவ்ரிலோ பிரின்சிப். அந்த அவமானம் அவன் மனத்தில் ஆறாமல் கிடந்ததாக அவனைப் பற்றி எழுதியவர்கள் பலரும் சொல்கிறார்கள். அதை அளவுக்கு மீறிப் பெரிதாக்கிக் காரணமாக்குவது தவறு. பிரின்சிப்பின் எண்ணங்களை உருவாக்கியவை போஸ்னிய நாட்டுப்புறத்தின் வறுமையும், அவன் படித்த புரட்சி நூல்களும், அவனுக்கு முன் 1910இல் சரயேவோவில் ஆளுநரைச் சுட முயன்று தற்கொலை செய்துகொண்ட போக்டான் ஷெராயிச்சின் நினைவும்தான்.

அந்த அக்டோபரில் டாங்கோசிச்சின் சேட்னிக் பிரிவு கொசோவோ எல்லையிலிருந்த மெர்தாரே காவல்நிலையத்தில் சண்டையைத் தொடங்கியது. அப்போது செர்பியா இன்னும் முறைப்படி போர் அறிவித்திருக்கவில்லை. யாருடைய ஆணையின் பேரில் அந்த முதல் வெடி என்பதைவிட, அரசு அதற்காக அவரைத் தண்டிக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. பின்னால் ஜெனரல் போஜிதார் யான்கோவிச்சின் மூன்றாம் படை வந்து, அக்டோபர் 22ஆம் தேதி பிரிஷ்டினா வீழ்ந்தது. செர்பிய நினைவில் இது ஐந்து நூற்றாண்டுக்குப் பின் கொசோவோ மீட்கப்பட்ட கதை. அல்பேனியர்களின் நினைவில் எரிக்கப்பட்ட கிராமங்களின் கதை. படையோடு சென்ற ஒழுங்கற்ற கூட்டங்களின் கொடுமைகளை பால்கன் போர்களை ஆராய்ந்து 1914இல் வெளியான கார்னெகி விசாரணைக் குழுவின் அறிக்கை பதிவு செய்திருக்கிறது. சேட்னிக் தலைவர் ஒருவரின் வாழ்க்கையை எழுதும்போது இந்த இரண்டாவது கதையை விட்டுவிட்டால் பாதி வரலாறுதான் மிஞ்சும். பால்கன் போர்களின் முடிவில் டாங்கோசிச் மேஜராக இருந்தார்.

இனி 1914. புதிதாகப் பிடித்த மாசிடோனியாவிலும் கொசோவோவிலும் முதலிடம் ராணுவ அதிகாரிக்கா, குடிமை நிர்வாகிக்கா என்ற சண்டை அந்த வசந்தத்தில் முற்றியது. பிரதமர் நிக்கோலா பாஷிச் குடிமை அதிகாரிக்கே முதன்மை என்று ஆணை பிறப்பிக்க, அபிஸின் வட்டம் எதிர்த்தது. ஜூன் தொடக்கத்தில் பாஷிச் பதவி விலகும் அளவுக்குப் போய், ரஷ்யத் தூதர் ஹார்ட்விக்கின் ஆதரவால் மீண்டும் நிலைபெற்றார். நாடாளுமன்றம் கலைக்கப்பட்டுத் தேர்தல் அறிவிக்கப்பட்டது. இந்த உள்நாட்டுப் பகை சூடேறிக்கொண்டிருந்த அதே வாரங்களில்தான் மூன்று போஸ்னிய இளைஞர்களுக்கு ஆயுதம் கிடைத்தது.

பிரின்சிப், நெடெல்கோ சாப்ரினோவிச், திரிஃப்கோ கிராபெஜ் மூவரும் பெல்கிரேடின் மலிவுக் காப்பிக்கடைகளில் பொழுதைப் போக்கும், கையில் காசில்லாத இளைஞர்கள். ஆஸ்திரியப் பட்டத்து இளவரசர் பிரான்ஸ் ஃபெர்டினாண்ட் ஜூன் மாதம் சரயேவோவுக்கு வருகிறார் என்ற செய்தி தெரிந்ததும், அவரைக் கொல்வது என்று முடிவு செய்து ஆயுதம் தேடினார்கள். அவர்களுக்கு அறிமுகமானவர் மிலான் சிகானோவிச். அவரும் போஸ்னியர், ரயில்வேயில் சிறு பணியில் இருந்தவர், பால்கன் போரில் டாங்கோசிச்சின் கீழ் கெரில்லாவாக இருந்தவர். சிகானோவிச் விஷயத்தை மேஜரிடம் கொண்டுசென்றார். மேஜர் ஆளைப் பார்க்க விரும்பினார்; போனது பிரின்சிப் அல்ல, கிராபெஜ். உறுதியாக இருக்கிறீர்களா, சுடத் தெரியுமா என்பதுதான் டாங்கோசிச்சின் கவலை. சுடத் தெரியாது என்றதும், பழகிக்கொள்ளச் சொன்னார். தோப்சிதேர் காட்டுப் பகுதியில் சிகானோவிச்சின் மேற்பார்வையில் பயிற்சி நடந்தது.

கொடுக்கப்பட்டவை: பெல்ஜியத்தின் எஃப்.என். ஆலையில் செய்த நான்கு பிரவுனிங் கைத்துப்பாக்கிகள், கிராகுயேவாட்ஸ் அரசு ஆயுதக் கிடங்கின் ஆறு கைக்குண்டுகள், சயனைடு. அந்தக் குண்டின் மூடியைக் கழற்றி, அடிமுனையைக் கடினமான எதிலாவது மோதினால் திரி பற்றும். வெடிக்கப் பத்து நொடிக்கு மேல் ஆகும். பதுங்கியிருந்து அகழிக்குள் எறிய ஏற்ற ஆயுதமே தவிர, ஓடுகிற காரைக் குறிவைக்க ஏற்றதல்ல. ஜூன் 28ஆம் தேதி காலை சாப்ரினோவிச் விளக்குக் கம்பத்தில் மோதிப் பற்றவைத்து எறிந்த குண்டு, இளவரசர் காரின் மடித்த கூரையில் பட்டு விழுந்து, பின்னால் வந்த காருக்கடியில் வெடித்தது. அவன் விழுங்கிய நஞ்சும் வேலை செய்யவில்லை. பின்னர், வழி தவறித் திரும்பிய கார் பிரின்சிப்பின் எதிரிலேயே வந்து நிற்க, 1912இல் வலுவில்லாதவன் என்று ஒதுக்கப்பட்டவன் இரண்டு முறை சுட்டு இளவரசரையும் அவர் மனைவியையும் கொன்றான்.

டாங்கோசிச் இதை ஏன் செய்தார்? அபிஸ், ராணுவ உளவுப் பிரிவின் தலைவராக, திட்டத்தை அறிந்து ஒப்புதல் தந்தார் என்பதில் பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் ஒத்துப்போகிறார்கள். மேஜரே அவரிடம் போய், சில போஸ்னியப் பையன்கள் தொல்லை செய்கிறார்கள், போக விடலாமா என்று கேட்டதாகவும், அபிஸ் அதிகம் யோசிக்காமல் சரி என்றதாகவும் பின்னாளில் அவர் தோழர்கள் கூறினார்கள். பொறுப்பைக் குறைத்துக் காட்டும் நோக்கம் அந்தக் கூற்றில் இருக்கலாம். ஆனாலும் அதில் டாங்கோசிச்சின் குணம் பொருந்தி வருகிறது. எத்தனையோ சிறு கூட்டங்களை எல்லை தாண்டி அனுப்பியவருக்கு இதுவும் ஒரு கூட்டம். திரும்பி வராமல் போகக்கூடிய கூட்டம். இன்னொரு செய்தியும் உண்டு: கைதானபோது, ஏன் இப்படிச் செய்தாய் என்று ஒரு ஜெனரல் கேட்டதற்கு, பாஷிச்சை வம்பில் மாட்டிவிடத்தான் என்று அவர் பதில் சொன்னாராம். அது மட்டுமே காரணம் என்று நான் நம்பவில்லை. ஆனால் அந்த வசந்தத்தின் உட்பகையை அறிந்தவர்கள் அதை வெறும் கட்டுக்கதை என்று தள்ளிவிடவும் முடியாது.

சரயேவோ விசாரணையில் முதலில் வாயடைத்திருந்த இளைஞர்கள், உள்ளூர் அமைப்பாளர் டானிலோ இலிச் பிடிபட்டுப் பேசிய பின் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்கள். அவர்கள் வாயிலிருந்து வந்த மிக உயர்ந்த பதவி ஒரு மேஜர். அதற்கு மேல் யார் இருந்தார்கள் என்பது அவர்கள் நேரில் அறியாதது. அபிஸை அவர்கள் சந்திக்கவே இல்லை. வியன்னா அனுப்பிய சட்ட அதிகாரி விஸ்னர் ஜூலை 13ஆம் தேதி அனுப்பிய தந்தியில், செர்பிய அரசுக்கு இதில் பங்கு இருந்ததாக நிரூபணம் இல்லை, ஊகிக்கவும் இடமில்லை என்றார். ஆனால் சதி பெல்கிரேடில் முடிவானது, குண்டும் துப்பாக்கியும் நஞ்சும் கொடுத்தவர்கள் சிகானோவிச்சும் மேஜர் டாங்கோசிச்சும் என்பதில் ஐயமில்லை என்றும் சொன்னார். அந்தத் தந்தியின் இரண்டாம் பகுதிதான் 7ஆவது கோரிக்கையாயிற்று. இறுதி எச்சரிக்கை முழுவதும் தேடினாலும் கருங்கை என்ற பெயரோ அபிஸின் பெயரோ இல்லை. பழி முழுவதும் நரோத்னா ஒத்பிரானாவின் மீது. ஆஸ்திரிய உளவுத்துறை எவ்வளவு தூரம் பார்த்தது, எங்கே நின்றுவிட்டது என்பதைக் காட்டும் எல்லைக்கோடு டாங்கோசிச்சின் பெயர்.

ஜூலை 23 மாலை 6 மணிக்குத் தூதர் கீஸல் அந்தக் குறிப்பைக் கொடுத்தபோது பாஷிச் தேர்தல் பிரசாரத்தில் வெளியூரில் இருந்தார்; நிதியமைச்சர் லாசர் பாச்சு வாங்கிக்கொண்டார். கெடு 48 மணி நேரம். 25ஆம் தேதி தந்த பதிலில், குறிப்பு வந்த அன்று மாலையே டாங்கோசிச்சைக் கைது செய்துவிட்டோம் என்று செர்பியா தெரிவித்தது. சிகானோவிச்சோ ஆஸ்திரியக் குடிமகன்; அவரைத் தேடுகிறோம், கிடைக்கவில்லை என்றது. கொலை நடந்த சில நாளில் பெல்கிரேடு காவல்துறைத் தலைவரே அவரை ஊரைவிட்டு அனுப்பிவைத்தார் என்பது வியன்னாவின் மறுமொழி. அன்று மாலையே தூதர் ரயிலேறிப் போனார். 28ஆம் தேதி போர் அறிவிக்கப்பட்டது. போர் தொடங்கியதும் கைதி விடுவிக்கப்பட்டுத் தன்னார்வலர் பிரிவொன்றின் தளபதியானார். பெல்கிரேடின் நிலையில் நின்று பார்த்தால், படையெடுத்து வரும் எதிரி கேட்ட ஆளைச் சிறையில் வைத்திருக்க இனி எந்தக் காரணமும் இல்லை.

1914 ஆகஸ்டில் செர் மலைப் போரிலும், டிசம்பரில் கொலுபாரா ஆற்றங்கரையிலும் செர்பியப் படை தன்னைவிடப் பெரிய படையைத் துரத்தியடித்தது. 1915 தொடக்கத்தில் டைஃபஸ் காய்ச்சல், படைவீரர், பொதுமக்கள் என்று பாராமல் வாரிக்கொண்டு போனது. அந்தப் போர்க்களங்களில் தன்னார்வலர் பிரிவுகளின் வேலை, முறையான படைக்கு முன்னால் நின்று அடி வாங்குவது. 1915 அக்டோபரில் ஜெர்மன் தளபதி மாக்கென்சனின் தலைமையில் ஜெர்மன், ஆஸ்திரிய-ஹங்கேரியப் படைகள் சாவா, டான்யூப் ஆறுகளைக் கடந்தன. ஒரு வாரத்தில் கிழக்கிலிருந்து பல்கேரியாவும் பாய்ந்தது. பின்வாங்கும் படையின் பின்காப்பாகப் போரிட்ட டாங்கோசிச் வெலிகா கிர்ஸ்னா அருகே படுகாயமடைந்து, தெற்கே கொண்டுசெல்லப்பட்டு, நவம்பர் தொடக்கத்தில் திர்ஸ்தெனிக்கில் இறந்தார். வயது 35. ஊரைப் பிடித்த ஆஸ்திரியர்கள் அவர் இறந்தது உண்மைதானா என்று உறுதிசெய்யப் புதைகுழியைத் தோண்டி, உடலை வெளியே எடுத்துப் படம் பிடித்தார்கள். போருக்குப் பின் எச்சங்கள் பெல்கிரேடின் புதிய கல்லறைத் தோட்டத்துக்கு மாற்றப்பட்டன.

அவர் அந்தக் காயத்திலிருந்து பிழைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு அபிஸின் முடிவே ஓரளவு விடை. 1917இல், நாட்டை இழந்து சலோனிகாவில் தங்கியிருந்த செர்பிய அரசு, பீட்டர் மன்னரின் மகனும் அவர் சார்பில் ஆட்சி நடத்தியவருமான இளவரசர் அலெக்சாண்டரைக் கொல்ல முயன்றதாகக் குற்றம் சாட்டி அபிஸின் வட்டத்தை ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தியது. ஜூன் 26ஆம் தேதி அபிஸும் இரண்டு கூட்டாளிகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கு இட்டுக்கட்டியது என்று 1953இல் பெல்கிரேடில் நடந்த மறுவிசாரணை தீர்ப்பளித்தது. விசாரணையின்போது சரயேவோ சதிக்குத் தாமே பொறுப்பு என்று அபிஸ் எழுதிக் கொடுத்தார். உயிர் பிழைக்கலாம் என்ற எதிர்பார்ப்பில் எழுதப்பட்ட அந்த வாக்குமூலத்தை எவ்வளவு நம்பலாம் என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. பாஷிச் அமைச்சரவைக்கு முன்கூட்டியே ஏதோ தெரிந்திருந்தது என்று அன்றைய கல்வி அமைச்சர் 1924இல் எழுதியது இன்னொரு விவாதம். இந்த இரண்டிலும் முடிச்சை அவிழ்க்கக்கூடிய சாட்சி, மேலிடத்துக்கும் இளைஞர்களுக்கும் நடுவில் நின்ற ஒரே அதிகாரியான டாங்கோசிச். அவர் கைப்பட எழுதிய வாக்குமூலம் எதுவும் வரலாற்றாசிரியர்களின் கைக்கு வரவில்லை. ஆகவே உங்கள் கடைசிக் கேள்விக்கு நான் தரக்கூடிய கறாரான விடை இவ்வளவுதான்: ஆயுதம் தந்ததும் ஆள் அனுப்பியதும் அவர் செயல், கொலை என்ற எண்ணம் இளைஞர்களுடையது, ஒப்புதல் அபிஸினுடையது, அரசின் ஆணை இருந்ததற்குச் சான்று இல்லை, அரசின் நெடுநாள் பழக்கம் இருந்ததற்குச் சான்று ஏராளம்.